செக்ஷன் ஆபீசருக்கு என்ன பிடிக்கும்?

பச்சோந்திக்கு எந்தப் பூச்சியைப் போடுவது என்று சாமியிடம் கேட்டவள், எங்கள் சியாயி ஊரிலேயே என் நாத்தனார் பாவ்ச்சூ ஒருத்தியாகத்தான் இருப்பாள். பிள்ளைக்குப் பெண் அமையுமா, முட்டி ஆபரேஷனை இந்த மாதம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறவர்களின் வரிசையில் நின்று, குறி பார்க்கத் தரையில் போடும் இரண்டு பிறைக்கட்டைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "சுவர்க்கோழியா, பட்டுப்புழுவா, வெட்டுக்கிளியா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கட்டை எப்படி விழுகிறது என்று எட்டிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பாவ்ச்சூ என் கணவரின் தங்கை. வயது ஐம்பத்து நான்கு. பூதாய் கடற்கரையில் சிப்பி உடைக்கும் வீட்டில் பிறந்தவள். உள்ளங்கையில் இன்னமும் அந்தக் கத்தியின் தழும்பு உண்டு. பத்தொன்பது வயதில் ஊரை விட்டு வந்து, சட்டைக் கம்பெனியில் காலர் தைத்து, கல்யாணம் செய்து, ஒரு மகனைப் பெற்று, இருபத்து மூன்று வருடமாக எங்கள் சந்தில் காலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். அதிகாலை ஐந்துக்குத் திறந்து பதினொன்றுக்கு மூடும் கடை. முட்டைச் சுருள், முள்ளங்கித் துண்டு வறுவல், சோயாப் பால், இரும்புக் கல்லில் புரட்டிய நூடுல்ஸ் என்று சுவரில் முப்பத்திரண்டு அயிட்டம் எழுதியிருக்கும். அந்தப் பலகையை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. படிக்க அவள் விட்டால்தானே.

அவளுடைய பெருமை அது. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே கல்லில் மாவை ஊற்றிவிடுவாள். ஆள் ஹெல்மெட்டைக் கழற்றி உள்ளே வருவதற்குள் தட்டு மேஜையில் இருக்கும். "வழக்கமானதுதானே?" என்று கேட்பாள். அது கேள்வியே இல்லை, தட்டை வைக்கும்போது வரும் சத்தம். ஒரு ஆளுக்கு ஒரு தட்டுதான் என்பது அவள் சித்தாந்தம். "மூஞ்சியப் பார்த்தாத் தெரியும் அண்ணி, இவன் கருமிளகு நூடுல்ஸ், இவ சோளம் போட்ட முட்டைச் சுருள்னு. ஒரு தடவை கண்டுபிடிச்சிட்டா ஆயுசுக்கும் போதும்" என்பாள். நான் காலையில் அங்கே பார்சல் கட்டிக் கொடுக்கிறவள். எனக்கும் அவள்தான் தீர்மானித்தாள்: சர்க்கரை இல்லாத சோயாப் பாலும் எள்ளு ரொட்டியும்.

ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மகன் அனுப்பிய பணத்தோடு நல்ல செருப்பு வாங்கப் போனவள், பச்சோந்தியோடு வந்தாள். செருப்புக் கடைக்குப் பக்கத்தில் பிராணிக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண்ணால் அவளையும் இன்னொரு கண்ணால் தெருவையும் பார்த்தபடி அது கிளையில் உட்கார்ந்திருந்ததாம். "ஒரு கண்ணு கல்லுல, ஒரு கண்ணு வாசல்ல. என்னை மாதிரியே இருந்துச்சு, எப்படி விட்டுட்டு வர்றது?" என்றாள். அதற்கு முன்னால் தனக்கென்று அவள் ஒன்றும் வாங்கியதில்லை. அதனால் யாரும் வாய் திறக்கவில்லை.

பெயர் வைத்தது அவள் கணவர் தெங்குவெய். கடைக்கு வருமுன் இருபது வருடம் பாசன அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பச்சோந்தி ஒரு காலைத் தூக்கி, யோசித்து, முன்னும் பின்னும் ஆடி, வைக்காமலே திரும்ப எடுத்துக்கொண்டதைப் பார்த்தார்.

"எங்க செக்ஷன் ஆபீசரேதான். ஃபைல்ல ஒரு கண்ணு, கடிகாரத்துல ஒரு கண்ணு. உள்ள வர்றது யாருங்கறதப் பொறுத்துக் கலர் வேற மாறும்."

பெயர் நிலைத்துவிட்டது. கடைக்கு மேலே, வீட்டின் மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் வலைக்கூண்டு, குடைச்செடி, விளக்கு எல்லாம் வைத்துக்கொண்டு செக்ஷன் ஆபீசர் நான்கு வருடம் சௌக்கியமாக இருந்தார். கடைக்கு வரும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். வெயில் நாளில் மேலே அண்ணாந்து கை காட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

இந்த ஏப்ரலில், முன்னோர் கல்லறைகளைக் கூட்டிக் கும்பிடும் திருநாள் முடிந்து வந்த வாரத்தில், அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

சுவர்க்கோழி கிண்ணத்துக்குள் குதிக்கும். அவர் ஒரு கண்ணை அந்தப் பக்கம் திருப்புவார். பிறகு அலுப்போடு அந்தக் கண்ணைத் திருப்பிக்கொள்வார். ஒரு நாள், இரண்டு நாள் என்று பதினோரு நாள் ஆயிற்று. மாவு நிறுக்கும் தராசு மாதிரியே ஒன்று அவருக்கென்று தனியாக வாங்கி வைத்திருந்தாள் பாவ்ச்சூ. எப்போதும் நூற்றைம்பது கிராம் காட்டும் அது, நூற்று முப்பத்தெட்டு காட்டியது. அன்று கடையை மூடியதும் துணிப்பையில் அவரை வைத்துக்கொண்டு என் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாள்.

"செக்ஷன் ஆபீசரோட அம்மா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள் பிராணி வைத்தியர் டாக்டர் யென். இங்கே பிராணி டாக்டர்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பாவ்ச்சூவுக்கு அதில் ஒரு சின்னச் சந்தோஷம்.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், விளக்கை அடித்துத் தொண்டையைப் பார்த்தாள். செக்ஷன் ஆபீசர் கோபத்தில் கரும்புள்ளி போட்டுக்கொண்டு சீறினார்.

"கோபம் வருதா, நல்லது. நோய்னு ஒண்ணும் இல்லம்மா. என்ன போடறீங்க?"

"சுவர்க்கோழிதான் டாக்டர். முதல் தரம். பூசணி, கேரட்டு, கீரை குடுத்து நானே ரெண்டு நாள் வளர்த்து, சுண்ணாம்புச் சத்துப் பொடியில புரட்டி..."

"அது சரி. வேற?"

"வேறன்னா?"

"வேற பூச்சி."

"நாலு வருஷமா அதத்தான் சாப்பிடறாரு. அவருக்கு ரொம்பப் பிடிக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "நாலு வருஷமா ஒரே சாப்பாடா? அம்மா, இதுங்க அப்படித்தான். ஒருநாள் திடீர்னு போதும்டா சாமின்னு வாய மூடிக்கும். அலுப்பும் ஒரு காரணம், ஒரே பூச்சியில எல்லாச் சத்தும் வர்றதில்லங்கறதும் ஒரு காரணம். பட்டுப்புழு குடுங்க, வெட்டுக்கிளி குடுங்க, கருப்பு ஈயோட புழு கிடைக்கும், பச்சைக் கொம்புப்புழு, கரப்பான்... கடையில சுத்தமா வளர்த்தது விக்கறாங்க. மாத்தி மாத்திப் போடுங்க."

"கரப்பானா!"

"சொன்ன லிஸ்ட்ல அதுவும் ஒண்ணு. முக்கியமா இன்னொண்ணு. நூத்திருபதுக்குக் கீழ இறங்க விடாதீங்க. இறங்கிட்டா இங்க படுக்க வெச்சுக் குழாய் வழியாத்தான் ஊட்டணும். இவர் வயசுக்கு அந்தப் பயத்துலயே உயிர் போயிடலாம். மறைக்காம சொல்லிட்டேன்."

திரும்பி வரும் வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோது பின்னாலிருந்து என் காதருகில் கேட்டாள்:

"அண்ணி, இதுல எது?"

"மாத்தி மாத்தின்னுதானே சொன்னாங்க?"

"டாக்டருங்க அப்படித்தான். தைரியமா ஒண்ணச் சொல்ல மாட்டாங்க. பிடிச்சது ஒண்ணு இருக்கும். அது எதுன்னு கண்டுபிடிக்கணும்."

பச்சை விழுந்துவிட்டது. வாதாட நேரமில்லை.

இப்படித்தான் மறுநாள் சந்து முனையில் மண்சாமி முன்னால் போய் நின்றோம். கடைக்காரர்கள் மாதத்தில் இரண்டு நாள் பழமும் பிஸ்கட்டும் வைத்துக் கும்பிடும் சாமி அவர். வெள்ளைத் தாடியும் சிரித்த முகமுமாக உட்கார்ந்திருப்பார். மண்ணில் ஊர்கிறதெல்லாம் அவருக்குத் தெரியும் என்பது பாவ்ச்சூவின் கணக்கு. பெயர், விலாசம், கடையின் பெயர் எல்லாம் சொல்லிவிட்டு, கட்டைகளை நெற்றிக்கு உயர்த்தினாள்.

"சுவர்க்கோழியே தொடரட்டுமா?"

இரண்டு கட்டையும் தட்டைப் பக்கம் மேலாக விழுந்து ஆடின. சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம்.

"பட்டுப்புழுவா?" இரண்டும் குப்புற விழுந்தன. கிடையாது.

"வெட்டுக்கிளி?" மறுபடி சிரிப்பு.

"கருப்பு ஈப்புழு?" கிடையாது.

"கொம்புப்புழு?" கிடையாது.

பின்னால் நின்ற முட்டி ஆபரேஷன் அம்மாள் செருமினாள். பாவ்ச்சூ என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், அந்தக் கடைசிப் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பார்க்கிறாள். ஆனால் சாமியிடம் லிஸ்டைக் குறைப்பது அவளால் முடியாது. மெதுவாக, பின்னால் இருப்பவருக்குக் கேட்காமல், "கரப்பான்" என்றாள்.

ஒன்று குப்புற, ஒன்று மல்லாந்து. சம்மதம். மூன்று தடவை தொடர்ந்து வந்தால்தான் செல்லும் என்பதால் இன்னொரு தரம் போட்டாள். சம்மதம். மூன்றாம் தரம் வேண்டுமென்றே உயரத்திலிருந்து போட்டாள். ஒரு கட்டை உருண்டு விளக்குமேடைக் காலில் மோதித் திரும்பி வந்து சம்மதமாகவே விழுந்தது.

"இருபத்து மூணு வருஷமா உங்களுக்கு ஆரஞ்சுப் பழம் வெச்சதுக்கு இதுவா?" என்று சாமியிடமே கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

சாப்பாட்டுக் கடை நடத்துகிறவளுக்குக் கரப்பான் என்றால் என்னவென்று வெளியாட்களுக்குப் புரியாது. தினமும் கடை மூடியதும் கொதிநீர் ஊற்றித் தரை கழுவுவாள். மூலைக்கு மூலை பொறி வைப்பாள். ஒரு மீசை தெரிந்தால் போதும், எந்த வேலையில் இருந்தாலும் செருப்பு கையில் இருக்கும். அவள் வீட்டுக்குள் கரப்பானைக் காசு கொடுத்து வாங்கி வரவேண்டும் என்பதை மூன்று நாள் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. தராசு நூற்று முப்பத்தொன்று காட்டிய அன்று, "அண்ணி, தைனானுக்கு ரயில் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். உள்ளூரில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்களாம்.

தைனான் கடைக்காரர் மூடியைத் திறந்து காட்டி, பெருமையோடு விளக்கினார். "இது வீட்டுக் கரப்பான் இல்லக்கா. தென் அமெரிக்காவுலேருந்து வந்த வம்சம். கண்ணாடியில ஏறாது, பறக்காது, நாறாது."

"வம்சம் என்னவா வேணா இருக்கட்டும். மூஞ்சி கரப்பான் மூஞ்சி. இருபது குடுங்க. பை கருப்பா இருக்கணும்."

ரயிலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எதிரில் இருந்தவர், "டிபனா?" என்று கேட்டதற்கு, "ஆமா, வீட்டுக்காரருக்கு" என்றாள்.

அன்று மாலை மூன்றாம் மாடியில் நாங்கள் மூன்று பேரும் கூடினோம். தெங்குவெய் கதவிடுக்கில் துணி அடைத்தார். பாவ்ச்சூ முகத்தைத் திருப்பிக்கொண்டு இடுக்கியால் ஒன்றை எடுத்தாள். அது நழுவித் தரையில் விழுந்தது. அடுத்த நொடி படார் என்று ஒரு சத்தம். செருப்பு எப்போது கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

தெங்குவெய் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "சாமி சொன்ன பிரசாதத்தச் செருப்பால அடிச்ச மொத ஆளு நீதான்."

"வாய மூடு தெங்குவெய். கை தானாப் போகுது, நான் என்ன பண்றது?"

"மிச்சம் பத்தொம்பது இருக்கு. செருப்ப என்கிட்டக் குடுத்துட்டு எடு."

இரண்டாவதைக் கிளையில் விட்டாள். அது ஓரடி நகர்ந்து நின்றது. செக்ஷன் ஆபீசரின் இரண்டு கண்களும், பல நாளைக்குப் பிறகு, ஒரே பக்கம் திரும்பின. உடம்பு மெதுவாக முன்னால் சாய்ந்தது. வாய் சற்றே திறந்தது, உள்ளே நாக்கின் நுனி உருண்டையாகத் தெரிந்தது. பளீர் என்று போய் வந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கிளை காலியாக இருந்தது, அவர் வாய் அசைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பாவ்ச்சூ என் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். அவள் குதித்து நான் பார்த்தது மகன் பாஸான அன்றுதான்.

மறுநாளே இருநூறு கரப்பானுக்குச் சொல்லிவிட்டாள். முட்டை அட்டைகளை அடுக்கி, ஆரஞ்சுத் துண்டும் ஓட்ஸும் போட்டு, பெட்டியில் குடும்பமே வைத்தாயிற்று. "கண்டுபிடிச்சிட்டேன் அண்ணி. அவருக்கு வழக்கமானது இனிமே இதுதான்." வெளியில் மூச்சு விடக்கூடாது என்று என்னிடமும் தெங்குவெயிடமும் சத்தியம் வாங்கினாள். காலையில் தோசைக்கரண்டியைச் சுழற்றிக்கொண்டே பாட ஆரம்பித்தாள். தராசு நூற்று முப்பத்தொன்பது வரை ஏறியது.

ஒன்பதாம் நாள் செக்ஷன் ஆபீசர் கரப்பானைப் பார்த்தார். அலுப்போடு ஒரு கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

அதே கண்தான், அதே அலுப்புதான். பெரியதாகப் பார்த்து வைத்தாள், சின்னதாகப் பார்த்து வைத்தாள், பொடி போட்டும் போடாமலும் வைத்தாள். நூற்று முப்பத்து மூன்று. நூற்று இருபத்தொன்பது. சாமியிடம் சண்டை போடப் போய், "பொய் சொன்னீங்களா?" என்று கட்டையைப் போட்டாள். சிரித்தார். மறுபடி போட்டாள். மறுபடி சிரித்தார். நூற்று இருபத்தாறு. பாட்டு நின்றுவிட்டது. வெங்காயத்தாளை நறுக்கும் சத்தத்தில் கோபம் தெரிந்தது. நூற்று இருபத்து மூன்று ஆன அன்று டாக்டரைக் கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் படுக்கை ஒதுக்குவதாகச் சொன்னார்கள். அன்று புதன்கிழமை.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு லூ ஐயாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. லூ ஐயா ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். பத்தொன்பது வருடமாக வருகிறார். பன்றிக்கறியை நார்நாராக வறுத்த பொடி போட்ட முட்டைச் சுருள், காரம் இல்லாமல். பாவ்ச்சூ யோசனை எங்கேயோ இருக்க, கை தானாக மாவை ஊற்றியது. அவர் உட்காருவதற்கும் தட்டு வருவதற்கும் சரியாக இருந்தது.

"வழக்கமானதுதானே?"

லூ ஐயா தட்டைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். சாப்ஸ்டிக்கை எடுத்து, திரும்ப வைத்தார்.

"பாவ்ச்சூ, தப்பா நினைக்காத. இன்னைக்கு முள்ளங்கி வறுவல் கிடைக்குமா?"

கடையே நிமிர்ந்து பார்த்தது.

"உடம்புக்கு முடியலயா ஐயா?"

"நல்லாத்தான் இருக்கேன். ரொம்ப நாளாவே ஆசை."

"ரொம்ப நாளான்னா?"

"ஒரு... பதினேழு, பதினெட்டு வருஷம் இருக்கும்."

பாவ்ச்சூவின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "அப்ப ஏன் ஐயா கேக்கல?"

"எங்கம்மா கேக்க விட்ட? நான் ஸ்டாண்டு போடறதுக்குள்ள நீ கல்லுல ஊத்திடற. ஊத்தினத வேணாம்னா மரியாதையா இருக்குமா? நாளைக்குக் கேப்போம், நாளைக்குக் கேப்போம்னு பென்ஷனே வாங்கிட்டேன்."

முதலில் சிரித்தது தெங்குவெய். பிறகு கடை முழுக்கச் சிரித்தது. பாவ்ச்சூ மட்டும் சிரிக்கவில்லை. சுவரில் இருக்கும் முப்பத்திரண்டு அயிட்டத்தையும், யாரோ எழுதி மாட்டிவிட்டுப் போனது போல, மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். கூரைக்கு மேலே மூன்றாம் மாடி.

"அண்ணி," என்றாள், "நான் சாமிகிட்ட எதுன்னுதானே கேட்டேன்? எதெதுன்னு கேக்கவே இல்ல."

கரண்டியால் கல்லின் விளிம்பில் இரண்டு தட்டு தட்டினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. வழக்கமானது வேணாம்னு நினைக்கிறவங்க இப்பவே சொல்லிடுங்க. இன்னைக்கு ஒரு நாள் கோபிச்சுக்க மாட்டேன்."

பிறகு பதினோரு கை உயர்ந்தது. அதில் என் கையும் ஒன்று. "அண்ணி, நீங்களுமா!" என்றாள். எனக்குச் சர்க்கரை போட்ட சோயாப் பால்தான் பிடிக்கும். எப்போதும் அதுதான் பிடிக்கும்.

அந்தக் காலையைப் போல ஒரு காலை அந்தக் கடையில் நடந்ததில்லை. நூடுல்ஸ்காரர் ரொட்டி கேட்டார், ரொட்டிக்காரி நூடுல்ஸ் கேட்டாள். டாக்ஸிக்காரர் ஒருவர் பலகையை முழுதாகப் படித்துவிட்டு, "சூரைமீன் சுருள் இருக்கா? இது எப்பலேருந்து?" என்றார். "கடை திறந்த நாள்லேருந்து" என்றார் தெங்குவெய். அந்த அமளியில்தான் யாரோ, மேலே இருக்கும் ஆபீசர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். பாவ்ச்சூ இரண்டு கல்லையும் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பதினோரு நாள் பட்டினி, டாக்டர், நூற்றிருபது கணக்கு, நாளைக் காலை பத்து மணிப் படுக்கை. கொட்டிய வேகத்தில் இதுவும் வந்துவிட்டது: "கரப்பான் கூட வாங்கிப் போட்டேன், அதுவும் ஒரு வாரம்தான்!"

சாப்ஸ்டிக்குகள் தட்டுக்குத் திரும்பின. தெங்குவெய் கண்ணை மூடிக்கொண்டார்.

லூ ஐயாதான் கேட்டார். "எங்க வெச்சிருக்க?"

"மூணாவது மாடியில. பூட்டி."

"எத்தனை?"

"நூத்தி எழுபது இருக்கும்."

"கீழ ஒண்ணும் வரலயே?"

"வந்தா நான் உயிரோட விடுவேனா ஐயா?"

"அப்ப சரி. என் முள்ளங்கி கருகுது பாரு."

அதோடு அந்த விஷயம் முடிந்தது. டாக்ஸிக்காரர், தன் அண்ணன் பக்கத்து ஊரான மின்சியோங்கில் மருந்தே அடிக்காமல் நெல் போடுகிறான், வரப்பு முழுக்க வெட்டுக்கிளிதான் என்றார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் அம்மாவான சியென் அக்கா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். ஏப்ரல், மே மாதங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீடெல்லாம் பட்டுப்புழுதான், முசுக்கொட்டை இலைக்கு அம்மாக்கள் ஊரெல்லாம் அலைவார்கள். "எம்பது புழு இருக்கு என்கிட்ட! இலை பறிச்சுப் பறிச்சு இடுப்பு போச்சு. எடுத்துக்கோ தாயே!"

பன்னிரண்டு மணிக்குக் கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. ஆனால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சோயாப் பால் கப்பில், ஜாம் பாட்டிலில், ரொட்டிப் பையில், ஒருவர் ஹெல்மெட்டைக் கவிழ்த்து மூடிய கையோடு. பாவ்ச்சூ மேஜையைத் துடைத்து வெள்ளைத் தட்டு வைத்துக்கொண்டு, சந்தையில் மீன் எடுக்கிறவள் மாதிரி உட்கார்ந்தாள். டாக்டர் யென்னைப் போனில் பிடித்து, கூடாதவற்றை எல்லாம் கேட்டுக் கையில் எழுதியிருந்தாள்.

"இது எங்க பிடிச்சது?"

"பார்க்குல."

"பார்க்குல போன வாரம் கொசு மருந்து அடிச்சாங்க. வேணாம், அடுத்தது."

"மின்மினி கொண்டாந்தேன், அழகா இருக்கேன்னு."

"ஐயோ, ஒண்ணு தின்னாப் போதும், ஆள் காலி. கொண்டுபோய் விட்டுடுங்க, புண்ணியம்."

கம்பளிப்பூச்சி தள்ளுபடி. நாற்றப்பூச்சி, பாட்டில் மூடியைத் திறந்ததுமே தள்ளுபடி. ஒரு கும்பிடுபூச்சி விரலளவு இருந்தது. அது தட்டின் மேல் நின்று அவளையே முறைத்தது. "இவன் கடிப்பான். குட்டியா இருந்தாக் கொண்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். மின்சியோங் வெட்டுக்கிளிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, வயிற்றைப் பார்த்து, முள்ளுக்காலின் நுனியைக் கிள்ளி எடுத்து ஆறை வைத்துக்கொண்டாள். கொய்யா மரத்திலிருந்து தபால்காரி கொண்டுவந்த குச்சிப்பூச்சி இரண்டைப் பார்த்து, "இப்படி ஒண்ணு இருக்கறதே எனக்குத் தெரியாது" என்று வாய் பிளந்தாள். பச்சைக் கொம்புப்புழுவும் கருப்பு ஈப்புழுவும் டாக்டரே ஆள்மூலம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

சியென் அக்கா கடைசியாக வந்தாள். செருப்புப் பெட்டி நிறையப் புழுக்கள், இலை தின்னும் சத்தம் தூறல் மாதிரி கேட்டது.

"எழுபத்தஞ்சு இருக்கு."

"எம்பதுன்னியே?"

"அஞ்சுக்கு எம் பொண்ணு பேர் வெச்சிருக்கா. அத எடுத்துட்டேன். இதெல்லாம் பேரில்லாதது."

"உன் பொண்ணுகிட்ட என்ன சொல்லப்போற?"

"கேட்டுட்டேன். அந்த அஞ்சத் தவிர யாரா இருந்தாலும் பரவால்லன்னுட்டா."

சாயங்காலம் ஐந்து மணிக்குத் தராசு நூற்று இருபத்தொன்று காட்டியது. மூன்றாம் மாடி அறையில் நாங்கள் மூவரும் தரையில் உட்கார்ந்தோம். வலைக்கூண்டைத் திறந்து, குடைச்செடியின் ஐந்து கிளைகளில் ஐந்து பூச்சிகளை விட்டாள் பாவ்ச்சூ. ஒரு பட்டுப்புழு, ஒரு வெட்டுக்கிளி, ஒரு குச்சிப்பூச்சி, ஒரு கொம்புப்புழு, ஒரு சுவர்க்கோழி. விட்டுவிட்டு மடியில் கைகளை வைத்துக்கொண்டாள். எதையும் அவர் பக்கம் நகர்த்தவில்லை. அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அந்த விரல்களைப் பார்த்தால் தெரிந்தது.

செக்ஷன் ஆபீசர் ஒரு கண்ணால் இடது கிளையைப் பார்த்தார். இன்னொரு கண்ணால் மேல் கிளையைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கி, யோசித்து, ஆட்டி, வைத்தார். பட்டுப்புழுவைத் தாண்டினார். வெட்டுக்கிளியின் பக்கத்தில் நின்று, போய்விட்டார்.

"ஃபைல் எல்லாத்தையும் புரட்டுவாரு, கையெழுத்துப் போட மாட்டாரு" என்று முணுமுணுத்தார் தெங்குவெய்.

"ஷ்ஷ்."

குச்சி ஒன்று நடந்தது. அவர் கண் இரண்டும் அங்கே போயின. குச்சி நின்றது, குச்சியாகிவிட்டது. அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். கழுத்தில் வெளிறிக் கிடந்த பச்சைக்குள் மஞ்சள் பட்டை ஒன்று மெதுவாக ஏறியது. குச்சி மறுபடி ஒரு காலை எடுத்து வைத்தது.

நாக்கு போய் வந்தது. மெல்லும்போது குச்சிக்கால் ஒன்று வாயின் ஓரத்தில் மீசை மாதிரி ஆடியது.

பாவ்ச்சூவின் கை டப்பாவுக்குப் போயிற்று. அதில் இன்னொரு குச்சிப்பூச்சி இருந்தது. மூடியைத் தொட்ட கை நின்றது. என்னைப் பார்த்தாள். கையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

பத்து நிமிடம் ஆகியிருக்கும். செக்ஷன் ஆபீசர் திரும்பி வந்து, முதலில் அலட்சியமாகத் தாண்டிப்போன பட்டுப்புழுவை எடுத்தார். அதை விழுங்கிய கையோடு வெட்டுக்கிளியையும் எடுத்தார். கொம்புப்புழுவைப் பார்த்துக்கொண்டு, அது நாளைக்கு என்பது போல் விளக்கடியில் போய்ப் படுத்தார். உடம்பு முழுக்கப் பச்சை திரும்பியிருந்தது.

பாவ்ச்சூ எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை குதிக்கவும் இல்லை. உட்கார்ந்தபடியே போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"டாக்டர், நாளைக்குப் பத்து மணிக்கு நாங்க வரல."

"செக்ஷன் ஆபீசரோட அம்மாவா? சாப்பிட்டாரா! எத்தனை?"

"மூணு. மூணும் மூணு விதம்."

"ரொம்பச் சந்தோஷம். நாளைக்கு என்ன போடப்போறீங்க?"

பாவ்ச்சூ கிளைகளைப் பார்த்தாள். சுவர்க்கோழி ஒன்று இலைக்கடியில் பாட ஆரம்பித்திருந்தது.

"எனக்கு எப்படித் தெரியும் டாக்டர்? அவர்தான் சொல்லணும்" என்றாள்.